இருக்கை நீங்கல்: திருச்சி அலுவலகங்களின் மன அழுத்தம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மன அழுத்த ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் ஹான்ஸ் செல்யே. 1936-இல் 'நேச்சர்' இதழில், எலிகளை வைத்து அவர் எழுதியது ஒரு சின்னக் கடிதம்தான். பின்னால் வந்தவர்கள் யாருக்கும் அந்த அடக்கம் வாய்க்கவில்லை. இக்கட்டுரைக்கும் வாய்க்கப் போவதில்லை.

இந்த ஆய்வுக்குத் திருச்சிராப்பள்ளியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. திருவெறும்பூர் பெல் ஆலையில் 1965 முதல் உயரழுத்தக் கொதிகலன்கள் செய்கிறார்கள். அழுத்தம் வரம்பு மீறினால் சேஃப்டி வால்வு தானே திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். கன்டோன்மென்ட் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அப்படி எதுவும் பொருத்தித் தரப்படவில்லை. ஆகவே பதினோரு மணிவாக்கில் அவரே எழுந்து வெளியே போகிறார்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 55, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஃபைல் பார்ப்பவர் அந்தச் சட்டத்தில் வந்ததில்லை. அவருக்கு மரபே சட்டம்.

இருக்கை நீங்கல் நால்வகைப்படும். டீ நீங்கல். ஜெராக்ஸ் நீங்கல். பேங்க் நீங்கல். "மேல போயிருக்காரு" நீங்கல். இது மாடியே இல்லாத கட்டடங்களிலும் நிகழ்வது ஆராயத்தக்கது, ஆனால் இங்கே ஆராயப்படவில்லை.

ஏனெனில் நான்குக்கும் பொதுவான பொருள் ஒன்று இருக்கிறது: கண்ணாடிக்கூடு. போகிறவர் மேசை மேல் அதைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகிறார். ஃபைல் விரித்த நிலையில், பேனா மூடியில்லாமல், நாற்காலி முதுகில் துண்டு. "சார் இல்லீங்களா?" என்று யாராவது கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் நிமிராமலே சொல்வார்: "இருக்காரு. இப்பத்தான் எழுந்து போனாரு. கண்ணாடிக்கூடு இருக்கு பாருங்க."

இவ்வழக்கின் மூலம் எது? பரதன் பதினான்கு ஆண்டு நந்திகிராமத்தில் அமர்ந்து, அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்து நாடாண்டான் என்பது ஊரறிந்த கதை. ஆள் இல்லை, ஆட்சி நடந்தது. ஸ்ரீரங்கமோ இன்னும் ஒரு படி மேலே போன ஊர். வேதாந்த தேசிகர் அரங்கநாதரின் பாதுகைகளைப் பற்றி மட்டுமே 1008 செய்யுள் பாடி, 'பாதுகா சஹஸ்ரம்' என்று தந்தார். ஒரே இரவில் பாடி முடித்ததாகச் சம்பிரதாயம். ஆகவே கண்ணாடிக்கூடு என்பது பாதுகையின் தேய்ந்த வடிவம் என நிறுவலாம். பக்திக்கும் பைலுக்கும் நடுவே இப்படித் தாவ ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களால் மட்டுமே முடியும். ஒரே இரவில் 1008 பாடிய ஊரில், ஐந்து வருஷ ஆய்வேட்டில் ஆறு பக்கம் நன்றியுரை எழுதுகிறவர்களும் அவர்களே.

போகும்போது மின்விசிறியை என்ன செய்வது என்பதில் உரைகாரர்கள் இரண்டு கட்சி. சுழலவிடுவோர் மரபு, விசிறி ஓடினால்தான் கூட்டுக்கு உயிர் என்கிறது. அணைப்போர் மரபு, கரன்ட் சிக்கனம் என்கிறது. முன்னதை ஆதரித்து, பெயரும் காலமும் தெரியாத ஒருவர் டீக்கடைச் சுவரில் கரியால் ஒரு சூத்திரம் எழுதினார். அதற்கு மறுப்புரை பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் உள்ளது. மறுப்புக்கு மறுப்பு, வாழைக்காய் பஜ்ஜி மடித்த தாளில், இடப்பக்க ஓரத்தில், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பாக வருகிறது. முக்கியமான மூன்றாம் வரியை எண்ணெய் தின்றுவிட்டது. மூலாசிரியரின் தத்துவம் முழுவதும் அந்த எண்ணெய்க்குள்தான் இருந்தது என்று பதிப்பாசிரியர்கள் துணிகின்றனர். தங்கள் தத்துவத்தையும் அங்கேயே கண்டெடுத்து, தனி நூலாகப் போட்டுவிட்டார்கள்.

நவீன முறை வேறு. ஏசி ஹாலில் மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கம். கையில் ஒரு வினாத்தாள். "பணியின்போது அழுத்தம் உணர்கிறேன்: மிகவும் ஒப்புகிறேன், ஒப்புகிறேன், கருத்தில்லை..." இந்த ஏணியை லைக்கர்ட் 1932-இல் செய்தார், அன்று முதல் 'கருத்தில்லை'யே அலுவலர்களின் கருத்து. மூச்சுப் பயிற்சிக்குக் கண்ணை மூடச் சொன்னதும் பின்வரிசை காலி. நாற்காலிகளில் கண்ணாடிக்கூடுகள்.

தேநீரின் மருத்துவக் கூறு சுருக்கமானது. மூளைக்கு அயர்ச்சியைச் சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கேயும் இருக்கைப் பிரச்சினைதான்.

ஆய்வாளர்கள் யாரும் தொடாத ஓர் ஆள் ஆபீஸ் பெஞ்சில் இருக்கிறார். பட்டா மாறுதலுக்காக ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் நின்று நின்று வந்தவர். குமாஸ்தா இறக்கி வைத்த அழுத்தம் ஆவியாகிவிடவில்லை. இவர் தலையில் ஏறியிருக்கிறது. கூட்டைப் பார்த்தபடி முக்கால் மணி காத்திருந்து, ரேஷன் கடையில் பழகிய வித்தையைக் கையாள்கிறார்: மஞ்சப்பையைப் பெஞ்சில் வைத்து இடம் போட்டுவிட்டு, எதிர்க்கடைக்கு டீக்குப் போகிறார்.

கடையில் பக்கத்தில் நின்றவரிடம், "எப்ப வந்தாலும் அந்த ஆபீஸ்ல ஆளே இருக்கறதில்லைங்க" என்கிறார். கண்ணாடியில்லாத அந்த மனிதர் கண்ணைச் சுருக்கிக் கட்டடத்தைப் பார்த்து, "ஆமாங்க, ரொம்ப மோசம்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை கம்மியா இன்னொரு டீ சொல்கிறார்.