வாலில் இருக்கிறது உயிர்

கும்பகோணத்துச் சித்தி இன்று மத்தியானம் இணைய அழைப்பில் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் காலையில நாங்க ஏழு பேரும் அங்க வர..." அப்புறம் கிணற்றில் குடம் விழுந்த சத்தம்.

"ஹலோ, கேக்குதா?"

"எனக்குக் கேக்குதுடா. உனக்குக் கேக்குதா?"

"நீங்க 'கேக்குதா'ன்னு கேக்கறது மட்டும் நல்லாக் கேக்குது சித்தி."

ஃபயர்வாலில் குரலுக்கு முதலிடம் கொடுப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன். முதலில் அந்த 'வர'. வரோம் என்றாளா, வரல என்றாளா? வரலாமா என்று கேட்டாளா? வரச்சொல்லி நீ எங்கே கூப்பிட்டாய் என்று குத்தினாளா? வரதா இருந்து சித்தப்பாவுக்கு முட்டி வலி வந்துவிட்டதா? இங்கிலீஷ்காரன் 'நாட்'டை நடுவிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறான். நமக்கு உயிர் முழுக்க வாலில். "கடனைத் திருப்பித் தர...", "டாக்டர் சொன்னாரு, பயப்பட வேண்டிய...", "பையன் பாஸ் பண்ண...". இணையத்துக்கு நாக்கு ருசி அதிகம், வாலைத்தான் கடிக்கிறது.

குரலை 20 மில்லி செகண்டுத் துண்டுகளாக நறுக்கி, செகண்டுக்கு 50 பொட்டலம் அனுப்புகிறார்கள். பத்துப் பொட்டலம் தொலைந்தால் ஒரு 'ல' காலி. சித்தி வருகையும் காலி. இத்தனைக்கும் மூட்டை முடிச்சோடு சேர்த்து ஒரு பேச்சுக்கு 100 கிலோபிட்கூட வேண்டாம். நான் காசு கட்டுவது 100 மெகாபிட்டுக்கு. சித்தி குரல் அவள் வீட்டு அப்லோடில் ஏறி வருகிறது, அங்கே என்ன நெரிசலோ; என் குரல் போக ஆயிரத்தில் ஒரு பங்கு கேட்டால் இந்த வீட்டிலும் கிடைக்காது, ஏனென்றால் மாடியில் என் மகன் கொடைக்கானல் போன வீடியோவை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான். மேகத்தையும் சேர்த்துத்தான் படம் எடுத்திருக்கிறான்.

போன ஞாயிறு முழுக்க உட்கார்ந்து குரல் பொட்டலங்களுக்கு 46 என்று முத்திரை குத்தினேன். அதுதான் முதல் பந்திச் சீட்டு. ஆனால் மாப்பிள்ளை மரியாதை மாமனார் வாசலோடு சரி. தெருவில் இறங்கினால் அந்த 46-ஐப் பெரும்பாலும் எவனும் சீந்துவதில்லை. வீட்டுக்குள்ளாவது செல்லுபடியாக வேண்டுமென்றால் அப்லோடு வேகத்தை நாமே கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை நம் ஃபயர்வாலில் நிற்காமல், இணைப்புக் கொடுத்தவன் மாட்டிய டப்பாவுக்குள் போய் நிற்கும். அங்கே என் குரலும் கொடைக்கானலும் ஒன்று.

பத்து சதவீதம் குறைத்தேன். அரை மணியில் மகன் இறங்கி வந்தான். "அப்பா, ஸ்பீடு டெஸ்ட்ல கம்மியாக் காட்டுது." திரும்பிப் பார்ப்பதற்குள் பழையபடி ஏற்றிவிட்டான். வீட்டில் எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்டு தெரியும்; கேஸ் புக் எங்கே என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மனைவி ஆழாக்கோடு வந்து நின்றாள். "உளுந்து எத்தனை பேருக்கு ஊறப்போட?"

'வரீங்களா, இல்லையா?' என்று சித்திக்கு எழுதி அனுப்பினேன். சித்தி டைப் அடிக்க மாட்டாள். நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. அழுத்தினேன்.

"ஹலோ, கேக்குதாடா?"