பாட்டன் பூட்டனைத் தேடச் சொன்ன சட்டம்

பாட்டன் பூட்டன் பெயரைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள் என்று பெரியவர்கள் குறைப்படாத ஊரில்லை. இலங்கை அரசு அந்தக் குறையைச் சட்டம் போட்டே தீர்த்துவைத்தது. 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைப் போல முன்னோர்மேல் பற்றுக்கொண்ட சட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. இலங்கையில் பிறந்தவன் என்று ஒருவன் சொன்னால் போதாது. அவன் தகப்பனும் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவரைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்தவர்கள் என்று பிறர் நினைத்திருந்த இந்திய வம்சாவளி மலையகத் தொழிலாளரை, மூன்று தலைமுறைக் குடிவழியைக் காகிதத்தோடு நிறுவவல்ல ஆராய்ச்சியாளர்களாக அந்தச் சட்டம் மதித்தது. பக்கத்துக் கிராமத்து விவசாயியிடமும் பூட்டன் பிறந்ததற்குச் சீட்டு இல்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெருமை தோட்டத்து மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

தேடுவதற்கு ஏடுகள் இல்லையென்று சொல்லிவிட முடியாது. சாவை எழுதிவைப்பதில் வெள்ளைக்காரருக்கு நிகர் யார்? இலங்கையின் கல்லறைக் கல்வெட்டுகளையெல்லாம் திரட்டி, பென்றி லூயிஸ் என்ற அரசு அதிகாரி 1913-இல் ஒரு பெரும் புத்தகமே கொண்டுவந்தார். கண்டியின் கேரிசன் கல்லறைத் தோட்டத்தில், 1856-இல் காட்டு யானையிடம் சிக்கி இறந்தவருக்கும் ஒரு கல் உண்டு. பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் 1879-இல் காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் உறங்குகிறார். அவருடைய கொள்ளுப்பேரர்கள் இன்று வந்தாலும் நேரே போய் நின்று பூ வைக்கலாம்.

ஜேம்ஸ் டெய்லரின் கல்லறையைத் தேடவும் சிரமமே இல்லை. 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட துரை அவர். 1892-இல் இறந்தார். மலைத் தோட்டத்திலிருந்து கண்டி மகியாவ கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவருடைய பெட்டியைத் தொழிலாளர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார்கள். இறந்தவரின் பெயர், நாள், வயது, செய்த தொண்டு எல்லாம் கல்லில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களையும் செதுக்கிக் கல்லின் அழகைக் கெடுக்காத அடக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதும் ரகசியமல்ல. தேயிலைக்கு உரமானார்கள் என்று மலையகத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். ஒரு மனிதன் கிடக்குமிடத்துக்கு ஆறடிக் கல் ஒன்று போதுமென்று துரைமாருக்குத் தோன்றியது. கூலிக்கு ஒரு மலையையே கொடுத்தார்கள்.

தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் இந்தத் தாராளம் இன்னும் பெரிது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதியிலும் பசியிலும் பாதையோரம் விழுந்தார்கள். அவர்களுக்குப் புதைகுழி ஏடு கிடையாது, கல் கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் முன் நின்று அழ வேண்டிய தொல்லையைப் பேரப்பிள்ளைகளுக்கு வைக்காமல் போனார்கள்.

இதை வைத்துத் தோட்ட நிர்வாகம் எழுதத் தெரியாதது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயிரோடிருந்தவரை ஒரு தொழிலாளியின் ஒரு நாளும் ஏட்டில் விடுபட்டதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆளெண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, செக்ரோல் என்ற வருகை ஏட்டில் பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கடன் எவ்வளவு என்பது துண்டுச் சீட்டில் இருக்கும். அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921 வரை நீடித்தது. கடலைத் தாண்டும்போதே தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. வழியில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்ற கரிசனம் அது. இன்று முன்னோரைத் தேடுகிறவனுக்கு இதைவிடத் துல்லியமான வரலாறு எங்கே கிடைக்கும்? பூட்டி ஒரு நாள் எத்தனை ராத்தல் பறித்தாள் என்பதற்குக் கணக்கு இருந்தது. அவள் பிறந்த நாளுக்கும் இறந்த நாளுக்கும்தான் அந்த ஏட்டில் பத்தி இல்லை.

அந்தப் பத்தியைத்தான் 1948-இல் கேட்டார்கள். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அதன் பிறகும் துரை எழுதி அனுப்பினால்தான் பதிவு. இதெல்லாம் தெரிந்த பிறகும் பூட்டனின் சீட்டைக் கேட்பதற்கு எவ்வளவு திடமான நம்பிக்கை வேண்டும்! சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் சேராதவர்களானார்கள். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்திருந்தார்கள்.

அரசு அதோடு கைவிட்டுவிடவில்லை. 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, மனுச் செய்ய 1951 ஆகஸ்ட் வரை அவகாசமும் தந்தது. இடையறாமல் நாட்டில் வாழ்ந்ததாக நிறுவ வேண்டும், அவ்வளவுதான். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. ஒரு தாளில் கருப்பாயி, மறுதாளில் கறுப்பாயி என்றிருந்தால் இருவரும் ஒருத்திதானா என்று ஆராயும் கூர்மை அதிகாரிகளுக்கு இருந்தது. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டவரின் வாழ்க்கை அறுந்துபோனதையும் அவர்கள் கவனித்தார்கள். பல ஆண்டு உழைத்துப் பரிசீலித்து ஏறத்தாழ 1,34,000 பேரைத் தேறியவர்களாக அறிவித்தார்கள். தகுதியை இவ்வளவு பொறுப்போடு காத்த பரிசோதகர்களை எங்கே தேடுவது?

மீதியுள்ளவர்களுக்கு இரண்டு பிரதமர்கள் வழி கண்டார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாட்டன் பூட்டன் பேச்சே இல்லை. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், பிறகு பார்த்துக்கொள்ள 1,50,000 பேர். அந்த ஒன்றரை லட்சத்தையும் 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்கு 75,000 என்று ஒருவர்கூட மிஞ்சாமல் பகிர்ந்துகொண்டன. இந்தக் கணக்கின் நேர்த்தியை மெச்சுகிறேன். அண்ணன் ராமேசுவரம் கப்பலிலும் தம்பி லயத்திலுமாகப் பிரிந்த வீடுகளை எண்ணிப் பார்க்கும்போது என்னால் அதற்கு மேல் மெச்ச முடியவில்லை.

2003-இல் வந்த 35-ஆம் இலக்கச் சட்டம் மிக எளியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரோ அவர்களின் வழிவந்தவர்களோ என்றால் போதும் என்றது. அதற்கு 55 ஆண்டுக்கு முன்பும் இப்படியே கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால், டிரங்குப் பெட்டியில் பழைய மனுவின் நகலை வைத்திருக்கிற வீடுகளில் அந்த நகல் இருந்திராது. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டங்கள் என்று ஒரு குடும்பம் தன்னைப் பற்றி வரிசையாக எழுதிவைத்தது அந்த ஒரு தாளில்தான். பூட்டனைத் தேடும் பேரப்பிள்ளைக்கு இன்று முதலில் கிடைப்பது அந்த மனு. கூடவே, அவர் இந்த நாட்டவர் அல்ல என்று அரசு அனுப்பிய பதில்.