மாடிக்குப் போனால் வாரண்டி போய்விடும்

கடை கட்டுகிறவர்களுக்கு இப்போது புதிதாக வந்திருக்கிற தலைவலி, மொட்டை மாடிக்கு என்ன போடுவது என்பதுதான். தார்ச் சுருளை கேஸ் டார்ச்சால் உருக்கி ஒட்டிவிடலாம் என்கிறார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், பியூ கோட்டிங்கை ரோலரில் இரண்டு கை அடித்தால் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் கறுப்பு ரப்பர் ஷீட்டை நீட்டி ஈபிடிஎம் என்று பெயர் சொல்லி, நாம் வாய் திறப்பதற்குள் அவரே நம் ஊர் வெயிலுக்கு வெள்ளை டிபிஓதான் சரி என்று கட்சி மாறுகிறார். கூல் டைல்ஸ்காரர் வாசலில் காத்திருக்கிறார். சாம்பிள் துண்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பம்போல முதலாளியும் பிள்ளைகளும் தடவித் தடவிப் பார்ப்பதை, ஓய்வு பெற்ற பிறகும் ஆலோசனை என்ற பெயரில் ஓரமாக உட்கார்ந்து காப்பி குடிக்கிற நான் வேடிக்கை பார்க்கிறேன்.

1970-களின் கடைசியில், டிப்ளமோ முடித்த சூட்டோடு மதுரை மாசி வீதிகளில் சூப்பர்வைசராக அலைந்தபோது இந்தக் கேள்வியே கிடையாது. மளிகை மண்டியோ லாட்ஜோ கல்யாண மண்டபமோ, கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, அடித்து, அதன்மேல் தட்டோடு பதித்து, இடுக்குகளில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டைப் பூசினால் வேலை முடிந்தது. அதற்கும் முந்திய தலைமுறைக் கடைகளில் மெட்ராஸ் டெரஸ் இருந்தது. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பிலேயே நிறுத்தின தளம். அதை இடிக்கப் போன ஆட்கள் கடப்பாரை எகிறுகிறது என்று கூடுதல் கூலி கேட்டதை நீங்களும் உங்கள் தெருவில் பார்த்திருக்கலாம்.

சுண்ணாம்புத் தளத்துக்கு அரசாங்க விதி ஒன்று உண்டு. 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றின சுண்ணாம்பு, மணல் கூடாது. இந்த அரைப் பங்கின் மேல் எனக்கு அப்போது ஒரு பக்தியே இருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், அதன் பையில் வெளியே தெரிகிற மாதிரி செருகின குட்டி ரசமட்டமுமாக நின்றுகொண்டு, "மேஸ்திரி, அந்த அரைக் கூடையை எப்படி அளப்பீங்க?" என்று கேட்பேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவர் சொல்வார்: "கூடையைப் பார்க்காதீங்க தம்பி, கட்டை எகிறுதான்னு பாருங்க." பிற்பாடு விதிப்புத்தகத்தைப் புரட்டினால் அதுவும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தது. அடிக்கிற கட்டை தானாகத் துள்ளி எழும்வரை அடிக்க வேண்டுமாம்.

அந்த அடியைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் மரக்கட்டையோடு, தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அங்குலம் அங்குலமாக நகர்வார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரை ஒருத்தி பின்னாலேயே தெளித்துக்கொண்டு வருவாள். முதலில் சொத்துச் சொத்தென்று விழுகிற அடி நாளாக ஆகக் கெட்டியாகி, கடைசியில் டங் டங்கென்று கேட்கும்போது கீழே கணக்கு எழுதிக்கொண்டிருக்கிற மண்டி முதலாளி ஏதோ சாக்குச் சொல்லி மேலே ஏறி வருவார். கருப்பட்டி வாசனைக்கு மண்டி எறும்பு மொத்தமும் குடிபெயர்ந்து வரும், சித்தாள்களின் பிள்ளைகள் ஊறப்போடுவதற்கு முன்பே கருப்பட்டியில் பாதியைக் கரைத்திருப்பார்கள். பாட்டும் உண்டு. எந்த ஊரிலும் அச்சேறாத, அன்றைக்கு எதிரே நிற்கிறவனை வைத்துக் கட்டுகிற பாட்டு. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் அதில் அடிக்கடி வந்து போனான். கேட்டவர்கள் எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிக்காமல், அந்தப் புகழ்ச்சியில் சில நாள் மிதந்தேன்.

பாட்டு போனது வருத்தம்தான். ஆனால் அந்தக் கைகளை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவி ஊதிக்கொள்வார்கள். இன்றைக்கு 10 மீட்டர் நீளத் தார்ச் சுருளை இரண்டு பேர் உருட்டிக்கொண்டே போய், ஒன்றன்மேல் ஒன்று 10 செண்டிமீட்டர் ஏற்றி, தீ காட்டி ஒட்டிவிடுகிறார்கள். பழைய தளம் சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் கட்டடத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். இதுவோ ஐந்து கிலோ அளவில் நின்றுவிடும். வெள்ளைத் தளம் போட்ட கடையின் மேல்மாடியில் சித்திரை மாதத்திலும் மனிதன் உட்கார முடிகிறது. பழைய தளத்திலும் ஒழுக்கு இருந்தது, இடுக்கில் அரசங்கன்று முளைத்தது. நல்லதை நல்லது என்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

வேடிக்கை எங்கே ஆரம்பிக்கிறதென்றால், அந்த வாரண்டி அட்டையில். தளம் போட்டு முடித்ததும் நாலு பக்கமும் தடுத்து, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே நிறுத்தி வைத்து ஒழுகவில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். அதே அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், மழை விட்டு 48 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் தேங்கினால் கம்பெனி பொறுப்பல்ல என்று இருக்கும். அடுத்த வரி, தேவையில்லாமல் ஆட்கள் மேலே நடமாடக் கூடாது. அன்றைக்குத் தளத்தைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் வாய்ப்பில்லை, ஆனால் எல்லாரும் அதன்மேல் வாழ்ந்தார்கள். மண்டிப் பையன்கள் இரவில் துண்டை விரித்துப் படுத்தார்கள். வத்தலும் மல்லியும் காய்ந்தன. சித்திரைத் தேர் மாசி வீதி சுற்றி வரும்போது முதலாளியின் சொந்தபந்தமெல்லாம் கைப்பிடிச் சுவரில் தொங்கும். இன்றைக்குப் பத்து வகையில் ஒன்றைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போட்டு, கதவைப் பூட்டிச் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, அந்த இடம் முழுவதையும் ஏசி மெஷினுக்கும் சோலார் பலகைக்கும் தாரை வார்த்துவிடுகிறோம்.

பூட்டின கதவைத் திறக்கவைத்து மேலே போகிற ஒரே மனிதர் ஏசி மெக்கானிக். அவர் கையில் டிரில் இருக்கிறது. ஸ்டாண்டு ஆடக்கூடாதென்று நாலு போல்ட்டை நேராகத் தளத்திலேயே இறக்கிவிட்டுப் போகிறார். ஐப்பசி மழையில் ஜவுளிக்கட்டு நனைந்த பிறகு கோட்டிங் கம்பெனிக்காரர் வந்து, ஓட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு, வாரண்டி போய்விட்டது என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார். நான் பார்த்தவரை தட்டைக் கூரை நடுவில் ஒழுகுவது அபூர்வம். கைப்பிடிச் சுவர் சேருகிற மூலை, வடிகுழாய் வாய், எவனோ போட்ட துளை, இந்த மூன்று இடத்தில்தான் தண்ணீர் உள்ளே வருகிறது. வாட்டம் சரியாக இல்லாவிட்டால் எந்தச் சுருளும் காப்பாற்றாது.

ஆகவே கடைக்கார அன்பர்களே, எந்தக் கம்பெனிச் சரக்கை வேண்டுமானாலும் போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் நீங்களே மாடிக்கு ஏறி வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் இலையையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்துப் போடுங்கள். ஏசி மெக்கானிக் மேலே போனால் கூடவே ஓர் ஆளை அனுப்புங்கள்.