கழட்டினதுதான் கழட்டிட்டோம்

இவரை அடையாளம் காண்பது சுலபம். கார் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற பிறகும் இறங்கமாட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். போனில் பேசுகிறார் என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், தன் முகத்தில் விழிக்க மனமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவே செய்திருப்பார். உண்மையில் மாப்பிள்ளை டர்போவை ஆறவைக்கிறார்.

இதில் விஷயம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் இன்ஜின் கக்கும் புகை, முழு வேகத்தில் டர்போவுக்குள் நுழையும்போது 900 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஒரு குட்டிச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கும். நடுவில் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஓட்டிவந்த சூட்டோடு இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுபோய், உள்ளே தங்கியது கருகிக் கரியாகும். அதனால்தான் ஒரு நிமிடக் காத்திருப்பு. உழவர் சந்தைக்குப் போய் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு 30 கி.மீ. வேகத்தில் திரும்பியவருக்கும் இந்த விதி பொருந்துமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

நம் ஆள் கோவைக்காரர். அந்த ஊரில் இந்த ஜாதி ஆட்கள் விளையக் காரணம் உண்டு. பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்து ஓட்டிய கரிவர்தன் பிறந்த மண். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. பந்தயப் பாதையும் இருக்கிறது. லேத் பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவரிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2004-இல் இந்தியாவுக்கு வந்த மாடல். டர்போ பெட்ரோல் என்றால் என்னவென்று இங்கே பலருக்குக் காட்டியதே இந்தக் கார்தான். 1.8 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு 5 வால்வு வீதம் 20 வால்வு, 150 குதிரைத்திறன். இதை அவர் ‘கார்’ என்று சொல்வதில்லை. ‘புராஜெக்ட்’ என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றால், கார் வெளியே போகும்.

ஒரு நாள் பின்னால் நீலப் புகை வந்தது. வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவர் முகத்தில் ஒரு களை வந்தது. வருஷக்கணக்கில் காத்திருந்த முகூர்த்தம் அல்லவா!

மெக்கானிக் அண்ணன் காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “ஷாஃப்ட் ஆடுதுங்க தம்பி. ஆயில் தள்ளுது. இதே கே03 டர்போ புதுசு வாங்கிப் போட்டுரலாங்களா?”

“ஏனுங்ணா, கழட்டினதுதான் கழட்டிட்டோம்...” என்று இழுத்தார் நம்மவர்.

ரிப்பேர் அப்கிரேட் ஆவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். கே03 இருந்த இடத்தில், கொஞ்சம் பெரிய கே04 உட்காரும். பெரிய டர்போ நிறையக் காற்றைத் தள்ளும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வேண்டுமே, ஆகவே பெரிய இன்ஜெக்டர். அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்து இன்ஜின் ‘நாக்’ அடிக்கும். ஆகவே முன் பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலர். புகை தடையில்லாமல் போக அகலமான குழாய். இத்தனையையும் கட்டி மேய்க்க, இன்ஜினின் கணினியான ஈ.சி.யு.வில் புது மேப். எல்லாம் முடிந்து மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறுகிறது, கார் ஏறவில்லை: கிளட்ச் வழுக்குகிறது. அதையும் மாற்றிய பிறகு யாரோ ஒரு புண்ணியவான், “கனெக்டிங் ராடு தாங்குங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு நம்மவர் தூங்கவில்லை.

வீட்டம்மாவுக்கு ஒரே கேள்விதான். “ஏனுங்க, ஏசி எப்பங்க வேலை செய்யும்?”

“அது ஸ்டேஜ் 3.”

இதற்கு நடுவே டர்போவை உண்மையிலேயே கழற்றியாக வேண்டும். இருபது வருஷம் வெந்து ஆறிய நட்டும் ஸ்டட்டும் ஒரே இரும்பாகிவிட்டிருக்கும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டார்கள். மறுநாள் கேஸ் டார்ச்சால் நட்டைச் சிவக்கச் சிவக்கச் சுட்டு, ஸ்பேனரில் நீளமான பைப்பைச் சொருகி, அண்ணன் மூச்சை அடக்கி மெதுவாக இழுத்தார். அசைந்தது! எல்லோரும் சிரித்த அதே நொடியில் ‘டிக்’ என்றொரு சத்தம். ஸ்டட் பாதியில் முறிந்து மேனிஃபோல்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து முறிந்த முனைமேல் புது நட்டை வைத்து வெல்டு அடித்து, சூடு அடங்குவதற்குள் திருகி எடுத்தார். டர்போ வேலையில் பாதி இதுதான்.

பணத்தைத் தண்ணீராய் விட்ட மனிதர், ஓர் இடத்தில் மட்டும் கருமியானார். ஆயில் கொண்டுவரும் குழாய். “பழசே நல்லாத்தான் இருக்குதுங்ணா, கழுவிப் போட்டுக்கலாம்.” அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குழாயை வைஸில் பிடித்து ரம்பத்தால் குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே கரி படிந்து துவாரம் சுருங்கிக் கிடந்தது. பழைய டர்போவைக் கொன்றது இந்தக் குழாய்தான். மாற்றாமல் விட்டிருந்தால் புதியதையும் கொன்றிருக்கும். புதுக் குழாய் போட்டார்கள். டர்போவின் ஆயில் துவாரத்தில் சிரிஞ்சால் ஆயில் ஊற்றி, இன்ஜெக்டருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்டார்ட் ஆகாதபடி செல்ஃப் மட்டும் அடித்து ஆயிலை மேலேற்றினார்கள். இதைச் செய்யாமல் சாவியைத் திருகினால் சில விநாடிகளிலேயே பேரிங் தேய்ந்துவிடும்.

கார் ஓடாத மாதங்களில் அவர் சரித்திரம் பேசுவார். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூகி 1905-இல் பேட்டண்ட் வாங்கியதில் தொடங்கி, 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் நிறுத்துவார். அந்தக் காரில் நாக் அடிக்காமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் ஏராளம். கடைசியில் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதா கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தது. இந்தக் கடைசி வரியை மட்டும் அவர் வீட்டில் சொல்லமாட்டார்.

1973-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவின் முன்பக்கத்தில் ‘டர்போ’ என்ற எழுத்தைத் இடவலம் மாறிய பிம்பமாக ஒட்டிக்கொள்ளலாம். முன்னால் போகிறவர் கண்ணாடியில் நேராகப் படித்து வழிவிட வேண்டுமாம். இவரும் அப்படியே ஒட்டினார். பெட்ரோல் பங்கில் பையன் பதறிப்போய், “அண்ணா, ஸ்டிக்கர் கடைக்காரன் மாத்தி ஒட்டிட்டானுங்ணா!” என்றான். அன்றே உரித்துவிட்டார்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ‘ஒன்றுக்கு’ என்ற சொல்லைப் படித்துவிட்டு அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு கைவிரலும் போதவில்லை. பதினைந்து வருஷம் முடிந்த ஆர்.சி.யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டுமென்றால் டர்போ தவிர மற்ற பழைய பாகங்களையெல்லாம் பரணிலிருந்து இறக்கி மாட்டுவார். அன்றைக்கு மட்டும் வண்டி ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடும்.

இப்படிப்பட்ட ஆர்.எஸ். ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால், போகும்போது ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி உள்ளே விரல்விட்டுப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பசை சகஜம். ஆயில் வழிந்தால் டர்போ போகப் போகிறது. அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். உரிமையாளர் தடுக்கமாட்டார், பயப்படாதீர்கள். உட்கார்ந்து மீதியையும் கழற்றிக் காட்டுவார். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டுமானால், அதற்கு முன்பே விலையைப் பேசி முடித்துவிடுங்கள்.