திரும்பி வருவீங்களா?

திருப்பூரிலிருந்து ஐரோப்பா கிளம்பும் அன்பர்களுக்கு முதல் யோசனை: மனிதனாகப் போகாதீர்கள். பனியனாகப் போங்கள். மடித்து அட்டைப்பெட்டியில் படுத்துக்கொண்டால் தூத்துக்குடியில் கப்பலேறி ஹாம்பர்க்கில் இறங்கிவிடலாம். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்க மாட்டார்கள். கல்யாணம் ஆயிற்றா, ஊரில் சொத்து இருக்கிறதா என்று துருவ மாட்டார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்ச் சரக்கு இந்த ஊரிலிருந்து இப்படித்தான் வெளிநாடு போகிறது.

மனிதனாகத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறீர்களா? கேளுங்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. மனுவை வாங்கி வைக்கும் கம்பெனிக்குச் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது. பீஸுக்கு நாலு ரூபாய் லாபம் நிற்கிற கம்பெனி என்றால், 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்க இரண்டாயிரம் பீஸுக்கு மேல் தைத்தாக வேண்டும். அதில் நூல் பிசிறு இருந்தால் அதே ஐரோப்பா டெபிட் நோட் அனுப்பும். விசா மறுத்தால் நாம் யாருக்கு டெபிட் நோட் போடுவது? 2024இல் மட்டும் இந்தியர்களின் மனுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தள்ளுபடி. நல்ல வியாபாரம். சரக்கே கொடுக்காமல் பில் போடும் வித்தை நமக்குத்தான் தெரியவில்லை.

மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அங்கே போய் நோயில் விழுந்து அவர்களுக்குச் செலவு வைத்துவிடக் கூடாதாம். நியாயம்தான். அவர்கள் உடுத்தும் கலருக்காக நம் நொய்யல் ஆறு நோயில் விழுந்ததே, அதற்கு எந்த பாலிசி? 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளைப் பூட்டியபோது, பில் இந்த ஊருக்கு மட்டும்தான் வந்தது.

அவர்கள் இங்கே வருவதென்றால் கதையே வேறு. சோபாவில் சாய்ந்தபடி நம் அரசின் இ-விசாவுக்கு மனுப் போடலாம். நாம் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்திக் காட்ட டோக்கன் வாங்கி நிற்க வேண்டும். கம்பெனியைச் சோதிக்க அங்கிருந்து வருகிற ஆடிட்டர் கக்கூஸ் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். தீயணைப்பு சிலிண்டரில் தேதி படிப்பார். தொழிலாளியின் கண்ணியம் பற்றி மதியச் சாப்பாடு வரைக்கும் பேசுவார். அந்தக் கண்ணியமான தொழிலாளி ஆடிட்டரின் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டால், அது சந்தேகக் கேஸ்.

நம் அரசு மட்டும் இளைத்ததா? மேடையில் திருப்பூருக்கு 'டாலர் சிட்டி' என்று மாலை போடும். பத்தாவது தேறாத டெய்லரின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று முத்திரை வைக்கும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றும் ஏஜெண்டுகளிடமிருந்து காப்பாற்றத்தானாம். அந்த அனுமதியை வாங்கித் தரவும் ஏஜெண்ட் இருக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒருவர், நூறு மெஷின் வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்கு ஸ்டால் பிடித்தார். மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி, அழைப்புக் கடிதம், போக வர டிக்கெட், ஓட்டல் புக்கிங் எல்லாம் சேர்த்து ஃபைல் ஒரு கிலோ இருக்கும். பதிலாக வந்தது ஒரு தாள். கட்டம் கட்டமாக அச்சடித்த காரணங்கள். ஒன்றில் மட்டும் டிக். விசா முடிவதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்புவார் என்பதில் நியாயமான சந்தேகமாம்.

தாளை இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க, சனிக்கிழமை இருநூறு பேருக்குச் சம்பளம் போடோணும். நான் திரும்பி வராம எங்கீங்க போவேன்?"

ஸ்டாலுக்குக் கட்டிய பணமும் போயிற்று. சரி, சரக்காவது போகட்டும் என்று நாற்பது சாம்பிளை கூரியரில் அனுப்பினார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தன. கண்காட்சி முடிந்து நாலு மாதமாகிறது. நாற்பதில் ஒன்றுகூட ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டன.