ஜோகூர்க் குளிர்காலத்தில் எஞ்சின் சூடேற்றல்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வாகனத்தின் எஞ்சினை முடுக்கிவிட்டு, வாகனத்தை நகர்த்தாமல், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க அருகில் நின்று காத்திருத்தல் ‘எஞ்சின் சூடேற்றல்’ எனப்படும். சைபீரியாவின் யாகூத்ஸ்க் நகரில் இதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 40 செல்சியஸையும் தாண்டிக் குளிர் இறங்கும் அவ்வூரில், அணைத்த எஞ்சின் மறுபடி உயிர்பெறாமல் போகலாம் என்ற அச்சத்தால் வண்டியை மணிக்கணக்கில் ஓடவிடுவோர் உண்டு. கனடாவின் உள்நாட்டு மாநிலங்களில் எஞ்சினில் மின்சூடேற்றி பொருத்தி, இரவெல்லாம் சுவரிலுள்ள மின்செருகியில் மாட்டி வைக்கிறார்கள். ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 165 கிலோமீட்டர் தொலைவில், விடியற்காலையிலும் 20 செல்சியஸுக்குக் கீழே வெப்பம் இறங்குவது அரிதாகிய மலேசியாவின் ஜோகூர் பாருவிலும் இதே செயல் இதே சிரத்தையுடன் நாள்தோறும் நடைபெறுவது ஏன் என்னும் வினா, ஆய்வுலகின் பார்வைக்கு வராமலே கிடக்கிறது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் களம் தாமான் எனப்படும் வரிசைவீட்டுக் குடியிருப்பும், அவ்வீடுகளின் முகப்பில் கூரையிட்டு வண்டி நிறுத்தப் பயன்படும் போர்ச்சும் ஆகும். மாசாய், ஸ்கூடாய், கூலாய் ஆகிய வட்டாரங்களில் இக்களம் செழிப்பாக உள்ளது.

2. குளிர்காலம் என்பதன் வரையறை

ஜோகூரில் குளிர்காலம் உண்டா என்ற முதல் தடையை முதலிலேயே கடந்தாக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் பிறப்பிடம் மெய்யாகவே சைபீரியாவும் வட சீனமும்தான். அங்கே தேங்கும் கடுங்குளிர்க் காற்று அவ்வப்போது உடைப்பெடுத்துத் தெற்கே பாயும்போது, தென்சீனக் கடலைக் கடக்கும் வழியில் வெப்பமும் ஈரமும் ஏற்று, ஜோகூரின் மெர்சிங் கரையை அடைகையில் குளிரைக் கைவிட்டு மழையாகிவிடுகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்தது இப்பருவத்தின் மழைதான். ஆகவே, யாகூத்ஸ்க்கில் எஞ்சினை உறையவைக்கும் காற்றின் தொலைதூர உறவினர் ஜோகூருக்கும் வந்துபோகிறார் என்றாலும், வரும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டே வருகிறார்.

வெப்பமானியால் தீராத இச்சிக்கலை உடையால் தீர்க்கலாம். விடியலுக்கு முன்பே கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மோட்டாரோட்டிகள், எதிர்க்காற்று நெஞ்சில் தாக்காதிருக்க, ஜாக்கெட்டின் முதுகுப்பகுதி முன்னே வருமாறு திருப்பி அணிவது நாடறிந்த வழக்கம். எந்நாளில் ஜாக்கெட் இவ்வாறு திருப்பி அணியப்படுகிறதோ அந்நாள் குளிர்காலத்தைச் சேர்ந்தது என்று வரையறுத்தால், ஜோகூரில் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் குளிர்காலமே என்பது பெறப்படும். இனி ஆய்வு தடையின்றித் தொடரலாம்.

3. எஞ்சினின் தரப்பு

எஞ்சினுக்குச் சூடு தேவை என்பதில் ஐயமில்லை. அதன் குளிர்நீர் 80 முதல் 90 செல்சியஸை எட்டிய பிறகே உலோகப் பாகங்கள் உரிய அளவுக்கு விரிந்து, எண்ணெய் உரிய அளவுக்கு இளகி, எரிபொருள் செம்மையாக எரிகிறது. ஆனால் ஜோகூரில் அதற்கு ஏறவேண்டியது ஏறத்தாழ 60 பாகை. யாகூத்ஸ்க்கில் அது 120ஐத் தாண்டும். பட்டறைகளில் பழைய வண்டிகளுக்கு ஊற்றப்படும் 20டபிள்யூ-50 வகை எண்ணெய், பூச்சியத்துக்குக் கீழே 15 செல்சியஸிலும் எஞ்சினைச் சுழலவிடுமா என்று சோதிக்கப்பட்டது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பமோ, 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில் அளக்கப்பட்ட 7.8 செல்சியஸ். ஆக, அவ்வெண்ணெய் தன் திறமையைக் காட்ட இந்நாட்டில் ஒருநாளும் வாய்ப்புப் பெற்றதில்லை.

இரவில் அடித்தொட்டிக்கு வடிந்த எண்ணெய் மீண்டும் மேலேறி எல்லாப் பாகங்களையும் நனைக்கச் சில நொடிகள் போதும். தாராளமாகக் கணக்கிட்டாலும் அரை நிமிடம். அதன்பின் நின்ற இடத்திலேயே ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். மெல்ல ஓட்டிச் சென்றால் விரைவில் சூடேறும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகச் செலுத்தப்படும் பெட்ரோலில் எரியாது எஞ்சுவது உருளையின் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவி இறக்குவதால், நெடுநேரச் சூடேற்றலால் எஞ்சினுக்குக் கேடும் உண்டு.

முன்பு நிலைமை வேறு. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும், கப்சாய் எனப்படும் சிறு மோட்டார்களிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். அதில் காற்றின் வழியைக் குறைத்துக் கலவையைக் கெட்டியாக்கும் சோக் என்னும் அடைப்பை இழுத்துவிட்டு, எஞ்சின் இருமி ஓய்ந்து சீராகும்வரை காத்திருப்பதில் பொருள் இருந்தது. பின்னர் வந்த மின்னணு எரிபொருள் செலுத்தியோ, குளிர்நீரின் வெப்பத்தை உணரி வழியாகத் தானே அறிந்து அளவைத் திருத்திக்கொள்கிறது. காரணம் ஓய்வுபெற்றுவிட்டது, வழக்கம் இன்னும் பணியில் இருக்கிறது.

4. நான்கு பிரிவினர்

சூடேற்றுவோரை நான்கு பிரிவாக வகுக்கலாம். முதலாமவர் நீலவிளக்கினர்: மைவி போன்ற கார்களின் முகப்புப் பலகையில் எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணையும்வரை கியரைத் தொடாதவர். விளக்கு அணையாமல் காரை எடுப்பது இவர்களுக்குச் சிவப்பு விளக்கில் கடப்பதற்கு ஒப்பாகும். இரண்டாமவர் பத்து நிமிடத்தார்: விளக்கை நம்பாது கடிகாரத்தை நம்புபவர், மஞ்சள் துணியால் கண்ணாடியின் பனியீரத்தைத் துடைத்து, பக்கக் கண்ணாடிகளையும் துடைத்து, நேரம் மிஞ்சினால் சக்கரத்தின் நடுவட்டத்தையும் துடைப்பவர். மூன்றாமவர் முறுக்குவோர்: நீலப்புகை கக்கிய இருவீச்சு மோட்டார்களின் காலத்தில் கற்ற பாடத்தை விடாமல், நின்ற நிலையிலேயே எஞ்சினை முறுக்கி அக்கம்பக்கத்தை எழுப்பிவிடுபவர். நான்காமவர் புறப்பாட்டினர்: முடுக்கியதும் கிளம்பிவிடுபவர். அறிவியல் இவர்கள் பக்கம் நின்றாலும், தாமானில் இவர்களுக்கு நற்பெயர் இல்லை. எஞ்சினின் அருமை தெரியாத பிள்ளை என்றே பெரியவர்கள் இவர்களைக் குறிப்பிடுகிறார்கள்.

5. தோற்றம் பற்றிய ஒரு கருதுகோள்

இவ்வழக்கத்தின் வேர் ரப்பர்த் தோட்டத்தில் உள்ளதென்று கருத இடமுண்டு. விடியற்குளிரில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும் என்பதால், பால்வெட்டு இருள் பிரியும் முன்பே தொடங்கியாக வேண்டும். அதற்கும் முன்னர் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு நடைபெறும். தொலைவிலுள்ள வெட்டுக்கு ஆளேற்றும் லோரி அந்நேரத்தில் உறுமிக்கொண்டு நிற்பது டீசல் எஞ்சினுக்கு நல்லதோ இல்லையோ, லயத்து வீட்டில் இன்னும் தலை வாரிக்கொண்டிருப்பவருக்கு அது இறுதி எச்சரிக்கை. ரப்பர் குறைந்து செம்பனையும் வீடமைப்பும் பெருகியபோது, லாபிஸ், ரெங்கம், குளுவாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் பல தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. பெரட்டு மணியும், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியும் உடன் வரவில்லை. எஞ்சின் ஓசை வந்தது.

6. வாய்பாடும் அதற்கான சான்றும்

இக்கருதுகோளின்படி, சூடேற்றப்படுவது எஞ்சின் அன்று, வீடு. போர்ச்சில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உள்ளே காலுறை தேடும் வேகம் கூடுகிறது, குளியலறைக் கதவு தட்டப்படுகிறது, “என்னங்க, ஒரு நிமிஷம், பிள்ளையோட தண்ணிப் போத்தல்!” என்ற குரல் எழுகிறது; தந்தை மறுமொழி கூறாமல் ஹாரனை ஒருமுறை, மிகச் சுருக்கமாக, அழுத்துகிறார். இதிலிருந்து பின்வரும் வாய்பாடு பெறப்படுகிறது: பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கி, குளியலறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மறந்த பொருள் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் கூட்டினால் வருவது சூடேற்றும் நேரம். நான்கு பிள்ளைகளும் இரண்டு குளியலறைகளும் உள்ள வீட்டுக்குப் பத்து நிமிடம் என்பது, இரண்டாம் பிரிவினர் ஏன் பத்தைப் பற்றிக்கொண்டனர் என்பதையும் விளக்கிவிடுகிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை; மாநில அரசே பதினோராண்டு ஏற்பாடு செய்து தந்தது. 2014 முதல் 2024 வரை ஜோகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சனியும் ஞாயிறுமாக மாறியது. அப்பதினோராண்டில், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுச் சிங்கப்பூரில் வேலைக்குச் செல்லும் தந்தைக்கு வெள்ளிக்கிழமை வேலை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. ஞாயிறன்று பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு, அவருக்கு வேலை இல்லை. அதே கார், அதே எண்ணெய், அதே விடியல் வெப்பம். வாய்பாட்டின்படி வெள்ளியன்று சூடேற்றும் நேரம் பூச்சியம், ஞாயிறன்று முழு அளவு. தனியே கிளம்பும் தந்தை எந்த விளக்குக்கும் காத்திருப்பதில்லை என்பதைத் தாமான்வாசிகள் அறிவர்.

7. செலவும் சட்டமும்

சிறிய கார் பத்து நிமிடம் நின்று ஓட ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் பெட்ரோல் போகும். மலேசியர்க்கான மானிய விலையான லிட்டருக்கு 1.99 வெள்ளியில் அது முப்பது காசு. நான்கு பிள்ளைகளைக் கிளப்ப இதைவிட மலிவான கருவி சந்தையில் இல்லை என்றாலும், புகையில் கலந்துவரும் மணமற்ற கார்பன் மோனாக்சைடு போர்ச்சை ஒட்டிய முன்னறை சன்னல் வழியே அதே பிள்ளைகளை அடைகிறது என்பதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சட்டத்தின் பார்வையும் நோக்கத்தக்கது. குளிர்நாடாகிய ஜெர்மனியே எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவதைச் சாலைவிதியால் தடுக்கிறது. 1924இல் திறந்துவைக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள கடற்பாலத்தின் மறுமுனையில், சிங்கப்பூரிலும், நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது குற்றம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வடகரையில் குடும்பப் பொறுப்பாகத் தொடங்கும் செயல், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னே வாகன வரிசையில் ஒன்றரை மணிநேரம் சட்டபூர்வமாகத் தொடர்கிறது. எஞ்சினுக்கு அன்றைய தேவைக்கு மேலேயே சூடு கிடைத்துவிடுகிறது.

8. முடிவு

ஜோகூரில் எஞ்சினுக்கு அரை நிமிடமும் வீட்டுக்குப் பத்து நிமிடமும் தேவை. இரண்டும் ஒரே சாவியில் கோக்கப்பட்டதால் குழப்பம் நேர்ந்தது. இனி வருவது மின்கார். 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்காரை வெளியிட்டுவிட்டது. சூடேற்ற எஞ்சினே இல்லாத அக்காரின் முன்னே இவ்வழக்கம் மறையும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். ஆனால் பிள்ளைகள், குளியலறைகள், மறந்த பொருள்கள் ஆகிய மூன்றும் மாறாமல் இருக்கும்வரை மின்காருக்கும் அதே பத்து நிமிடம்தான். ஏனெனில் வாய்பாட்டில் எஞ்சின் தொடக்கத்திலிருந்தே இல்லை.