பத்து ரூபாய்க்கு மேல் போனால்

என் மெட்டல் டிடெக்டர் சென்னைப் பக்கத்துக் கோவளம் கடற்கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குக் காலமானது. கொலையை நான்தான் செய்தேன். கீழே தோசைக்கல் மாதிரி வட்டமாக இருக்கும் சுருள் தண்ணீரில் நனையலாம். மேலே பேட்டரியும் பொத்தான்களும் இருக்கும் பெட்டி நனையவே கூடாது. கூட வந்த புத்தகத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் படித்தும் இருந்தேன். அலைக்குத்தான் படிப்பறிவு இல்லை.

சாவதற்கு முன் அது கனமாக ஒரு சத்தம் கொடுத்தது. ஆவலோடு தோண்டினேன். சோடா மூடி. ஆறு வருஷத்தில் அது எடுத்துக் கொடுத்த மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தால், சோடா மட்டும் வாங்கிப் போட்டு ஒரு கம்பெனியே ஆரம்பித்திருக்கலாம்.

இங்கிலாந்தில் இது மரியாதையான பொழுதுபோக்கு. 2009இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் டிடெக்டரோடு ஒரு வயலில் நடந்துபோய், ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கக் குவியலைக் கண்டுபிடித்தார். அதற்கு விலை 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டு, அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நான் கோவளத்தில் அதே மாதிரி நடந்தபோது ஒருவர் ஓடிவந்து, “பாம் வச்சிருக்காங்களா சார்?” என்றார். நான் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு குடும்பம் சுண்டலை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஊருக்குள் இன்னும் மோசம். எங்கள் சேலையூரில் கையில் டிடெக்டரோடு நடப்பவனுக்கு ஒரே அர்த்தம்தான்: புதையல் ஆசாமி. மை போட்டுப் பார்ப்பவர், அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் விற்பவர், அந்த வரிசையில் அடுத்து நான். பக்கத்துத் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் மதில் ஓரமாக இதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் வீரமும் எனக்கில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. தாம்பரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியை அடித்து விரட்டிய இடங்களில் ஒன்று. ஓடுகிறவன் எதையாவது கீழே போட்டுவிட்டுத்தானே ஓடியிருப்பான்? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை அரிக்கும். அரிப்பதோடு சரி. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்கு எதுவும் கட்டக்கூடாது, அதற்கும் அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டில், குழி தோண்ட நிற்பவனை என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். அதனால் என் சாம்ராஜ்யம் இரண்டே இடம்: கோவளத்து மணல், என் வீட்டுத் தோட்டம்.

அங்கேயும் 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் துரத்தி வருகிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கே இன்று அது போதாது. ஒரு நாள் கோவளத்தில் இரண்டு ஐந்து ரூபாய், ஒரு ஒரு ரூபாய், ஆக மொத்தம் பதினொரு ரூபாய் கிடைத்தபோது செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் முகவரியைத் தேடி எடுத்தே விட்டேன். தபால் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு அதே காசில் டீ குடித்தேன்.

இதில் எனக்கு ஒரு தனி மனக்குறை உண்டு. நம் ஊரில் புதையல் எடுப்பவர்களுக்கு டிடெக்டர் தேவைப்படுவதே இல்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் வேலைக்காக மண்ணைத் தோண்டினார்கள். ஒரு பித்தளைக் குடத்தில் 505 தங்கக் காசு வந்தது. கடப்பாரைக்கு பேட்டரி வேண்டாம், அலை அடித்தாலும் சாகாது.

பல்லாவரம் கதை இதற்கும் மேல். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல்காரர் அங்கே செம்பூராங்கல் சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடாரி. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. நான் அந்த இடத்தில் டிடெக்டரோடு நின்றிருந்தால் அந்தக் கல்லைப் பார்த்து அது வாயே திறந்திருக்காது. ஆனால் செம்பூராங்கல் மண்ணில் இரும்புச் சத்து அதிகம். மண்ணைப் பார்த்து மட்டும் விடாமல் கத்தியிருக்கும். எங்கள் வட்டாரத்தின் மிகப் பெரிய புதையலை மிதித்துக்கொண்டு, காதைப் பொத்தியபடி வீட்டுக்கு வந்திருப்பேன்.

இப்படியே விட்டிருப்பேன். டிடெக்டர் செத்து இரண்டு வாரம் கழித்து என் மனைவியின் தோட்டுத் திருகாணி காணாமல் போனது. “ஏங்க, அந்த மிஷின் எங்க?” என்றாள். ஆறு வருஷமாக அதை அவள் ‘துடைப்பக்கட்டை’ என்றுதான் சொல்வாள். மிஷின் என்று பதவி உயர்வு வந்த நேரத்தில் அது உயிரோடு இல்லை.

தெருக்கோடி கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம், வாசலில் ஆட்களைத் தடவிப் பார்க்கும் கைத்தடி டிடெக்டரை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வந்தேன். கட்டில் மேல் ஓட்டினேன். தலைமாட்டில் கத்தியது. கால்மாட்டில் கத்தியது. நடுவில் நிறுத்தாமல் கத்தியது. ஸ்ப்ரிங் மெத்தை, இரும்புக் கட்டில். எனக்கு முன்னால் இந்த அவமானத்தைப் பட்டவர் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கைக்குள் இருந்த எஃகு ஸ்ப்ரிங்குகள்தான் குழப்பிவிட்டன என்கிறார்கள். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். என் வீட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை, ராத்திரி ரசம் மட்டும் இல்லை.

ஆக, புது டிடெக்டருக்கு அனுமதி கிடைத்தது. எதை வாங்குவது? மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். விஷயம் அதிர்வெண்ணில் இருக்கிறது. குறைந்த அதிர்வெண் என்றால் ஆழத்தில் கிடக்கும் பெரிய காசைப் பிடிக்கும்; அதிகம் என்றால் மேலாகக் கிடக்கும் பொடித் தங்கத்தைப் பிடிக்கும். காரெட் ஏஸ் 300 எட்டு கிலோஹெர்ட்ஸ். துருக்கிக்காரர்களின் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் பன்னிரண்டு; மூன்று மீட்டர் தண்ணீருக்குள் முழுசாக முங்கினாலும் பிழைக்கும், கோவளத்து அலைக்கு அதுதான் சரி. ஆனால் திருகாணி? தங்கம் தேடுபவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் மைன்லேப் செய்யும் கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ். பெயரிலேயே தங்கம் இருப்பதால் மனைவியிடம் சிபாரிசு செய்வது சுலபம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பெரும்பாலான கருவிகளில் ‘இரும்பைக் கண்டுகொள்ளாதே’ என்று ஒரு வசதி உண்டு, ஆணிக்குக் கத்தாமல் இருக்க. நம்முடைய இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எஃகு. என் பழைய டிடெக்டர் அவற்றையும் பெரும்பாலும் ஆணிக் கணக்கில்தான் சேர்த்தது. வெள்ளைக்காரன் செய்த கருவி, நம் ரூபாயின் மதிப்பு அதற்குத் தெரிந்திருந்தது.

ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன்.

“எத்தனை பீஸ் சார்? மாலா, தியேட்டரா?”

“ஒண்ணு போதும்பா. வீட்டுக்கு.”

வரும் விருந்தாளிகளை வாசலில் கையைத் தூக்கச் சொல்லும் மனிதன் என்று என்னை நினைத்தார் போல. பிறகு முகம் மாறியது. குரலை இறக்கினார். “சார்... இடம் எங்க?”

உள்ளேயிருந்து இரண்டு வளைந்த கம்பிகள் வைத்த ஒரு பெட்டி வந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தங்கம் இருந்தாலும் கம்பி தானாகத் திரும்புமாம். எங்கள் கிராமத்தில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார்கள். தேங்காய் நட்டுக்குத்தாக எழுந்து நின்றால் அங்கே கிணறு. அதிலாவது கடைசியில் சட்னிக்குத் தேங்காய் மிஞ்சும். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை மாற்றி, வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கே விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆளுக்கு 2013இல் லண்டனில் பத்து வருஷம் சிறை கொடுத்தார்கள். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். “அது வேற கம்பெனி சார்” என்றார்.

நல்ல டிடெக்டர் முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று தெரிந்தது. மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: “திருகாணி கண்டிப்பாக் கிடைக்கும்னு எழுதிக் கொடுப்பாங்களா?”

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய மின்விசிறி, தையல் மெஷின், ரோஜாச் செடி, நாய்க்குட்டி, ஒரு கால் குறைந்த நாற்காலி எல்லாம் இருக்கும் இடத்தில் ஒரு டிடெக்டர் இல்லாமலா போகும்? போனது. கார் ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய உள்ளங்கை அகலக் காந்தம் ஒன்று இருந்தது. பாலத்திலிருந்து ஆற்றில் விழும் காசைப் பையன்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டித்தான் எடுப்பார்கள். நூற்றிருபது சொன்னார், எண்பதுக்குக் கொடுத்தார். கயிறு இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில், ஸ்கூட்டர் நிறுத்தும் மணலில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். மனைவி படியில் நின்று பார்த்தாள்.

“ஏங்க, தங்கம் காந்தத்துல ஒட்டுமா?”

“ஒட்டாது.”

“அப்புறம்?”

பதில் சொல்லவில்லை. காந்தத்தில் பதினான்கு ஆணி, ஒரு சைக்கிள் நட்டு, இரண்டு இரண்டு ரூபாய், மூன்று ஒரு ரூபாய் ஒட்டியிருந்தன. மொத்தம் ஏழு ரூபாய். செங்கல்பட்டுக்கு எழுத வேண்டியதில்லை.